அப்பம்மாவுக்கு என்ன வருத்தம்?

ஒரு குடும்பத்தைத் தாளில் வரைய மரபியல் வைத்தியருக்குச் சதுரமும் வட்டமும் போதும். சதுரம் ஆண், வட்டம் பெண். இறந்தவருக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு. நோய் வந்தவரின் உருவை மையால் நிரப்பிவிடுவார்கள்.

பூநகரி வாடியடியில் ஒரு வீட்டை மனதில் வைத்து வரைந்து பார்ப்போம். மார்பில் கட்டியோடு சங்குப்பிட்டிப் பாலம் கடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் 36 வயதுப் பெண். "அம்மாவுக்கு இந்த வருத்தம் இருந்ததோ?" என்று கேட்டால் இல்லை என்பார். அம்மம்மாவும் எண்பது தாண்டி வாழ்ந்தவர். கேள்வியை அத்தோடு நிறுத்தினால் தாளில் அந்தப் பெண்ணின் வட்டம் மட்டுமே கறுத்திருக்கும். தகப்பன் வழியிலும் கேட்க வேண்டும். அப்பாவின் அக்கா நாற்பதிலேயே மார்புப் புற்றுநோயால் போனவர். அப்பம்மா வயிறு வீங்கி இறந்தவர். அது சூலகப் புற்றுநோயாக இருந்திருக்கலாம், அந்தக் காலத்தில் ஆர் சோதித்துப் பார்த்தது? இன்னும் இரண்டு வட்டங்கள் கறுக்கின்றன. அப்பாவின் சதுரம் வெள்ளையாகவே நிற்கிறது. ஆனாலும் பழுதான பரம்பரையலகு அவர் வழியாகத்தான் மகளுக்கு வந்திருக்கக்கூடும்.

இப்படி வட்டம் வட்டமாக நிரப்பித்தான் மேரி-கிளேர் கிங் மார்புப் புற்றுநோயின் பரம்பரை வேரைக் கண்டுபிடித்தார். 1946இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிறந்தவர். முதலில் படித்தது கணிதம். பேர்க்லியில் அலன் வில்சனிடம் ஆய்வு செய்து, மனிதனும் சிம்பன்சியும் மரபணு அளவில் ஏறத்தாழ 99 வீதம் ஒத்தவர்கள் என்று 1975இல் எழுதியபோதே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. புற்றுநோயின் பக்கம் அவர் அதற்கு முன்பே, 1974இல், திரும்பியிருந்தார். மார்புப் புற்றுநோய் போன்ற சிக்கலான நோயை ஒற்றைப் பரம்பரையலகு கடத்த முடியும் என்பதை அன்று நம்பியவர்கள் மிகச் சிலர். அவர் பதினாறு ஆண்டுக்கு மேல் அதையே தேடினார்.

கணிதம் இங்கேதான் கைகொடுத்தது. முதலில் 1,579 நோயாளிகளின் குடும்பங்களை எடுத்துக் கணக்குப் போட்டார். பெரும்பாலான வீடுகளில் நோய் தற்செயலாகவே வந்திருந்தது. ஆனால் ஒரு சிறு பங்கு வீடுகளில் அது தலைமுறை தலைமுறையாக இறங்கிய விதம், ஒற்றைப் பரம்பரையலகு இறங்கும் விதத்தோடு பொருந்தியது. அப்படியொன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் கேள்வி. மனிதனின் 23 சோடி நிறமூர்த்தங்களில் அதை நேரே பார்க்க அன்று வழியில்லை. ஆனால் அங்கங்கே சில அடையாளப் புள்ளிகள் தெரிந்திருந்தன. உயர்ந்த புல்லுக்குள் மாடு தெரியாவிட்டாலும், கூடவே போகும் வெள்ளைக் கொக்கைக் கண்டால் மாடு நிற்கும் இடம் தெரியுமல்லவா? அதுபோல, நோய் வந்தவர்களிடமெல்லாம் தவறாமல் கூடவே வரும் அடையாளம் எது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 183ஆவது அடையாளம் 17ஆம் நிறமூர்த்தத்தில் அகப்பட்டது.

அகப்பட்டும் விடை தெளியவில்லை. 23 பெருங்குடும்பங்களையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்குக் குழம்பியது. அப்போது குடும்பங்களை நோய் வந்த வயதின்படி வரிசைப்படுத்தினார்கள். மிக இளவயதில் நோய் வந்த ஏழு குடும்பங்களில் அடையாளமும் நோயும் சேர்ந்தே இறங்கியிருந்தன. முதிய வயதில் வந்த குடும்பங்களில் அப்படி இல்லை. முதுமையில் இந்த நோய் பரம்பரை இல்லாமலும் அதிகம் வரும். அதுதான் கணக்கைக் குழப்பியது. என் பார்வையில் முழுக் கண்டுபிடிப்பின் உயிரும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் சின்சினாட்டியில் நடந்த மரபியல் மாநாட்டில் கிங் இதை அறிவித்தார். அந்த அலகுக்குப் பெயர் பி.ஆர்.சி.ஏ.1. அதைப் பிரித்தெடுத்தது 1994இல் இன்னொரு குழு. அதற்கு வாங்கப்பட்ட காப்புரிமையை 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது.

உடைந்த டி.என்.ஏ. இழையைப் பழுதுபார்ப்பது இந்த அலகின் வேலை. அது கெட்டால் உடைவுகள் சேர்ந்து கலம் கட்டுமீறும். மார்புப் புற்றுநோயாளர் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் பரம்பரை காரணம். ஆனால் பழுதான பி.ஆர்.சி.ஏ.1 உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்புப் புற்றுநோய் வரும். தாயிடமிருந்தாலும் தகப்பனிடமிருந்தாலும் அது பிள்ளைக்கு இறங்கும் வாய்ப்பு சரிபாதி.

அதே கிங் 1984இல் ஆர்ஜென்டீனாவுக்குப் போனார். அங்கே 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி. காணாமலாக்கப்பட்டவர்களின் கைக்குழந்தைகளை வேறு வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். பெற்றோர் இல்லை, பேரப்பிள்ளைகளைத் தேடியவர்கள் பாட்டிமார். பெற்றோரே இல்லாதபோது உறவை எப்படி நிறுவுவது? தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் இழைமணி டி.என்.ஏ. உதவியது: அம்மம்மாவிடம் உள்ளதே பேரப்பிள்ளையிடமும் இருக்கும். பாட்டிமார் முதியவர்கள் என்பதால் அவர்களின் இரத்தத்தைக் காக்க 1987இல் சட்டமியற்றி ஒரு தேசிய மரபணு வங்கி அமைத்தார்கள். இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். சிலருக்கு விடை கிடைத்தபோது பாட்டி உயிரோடில்லை; இரத்தம் இருந்தது.

வன்னியில் இதை வாசிப்பவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரில் பலர் பிள்ளையைக் காணாமலே இறந்துவிட்டார்கள். முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 யூன் மாதம் நீர்க்குழாய்க்குத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வெளிவந்தன. எலும்பு பேச வேண்டுமென்றால் ஒப்பிட உறவின் இரத்தம் வேண்டும். அந்தத் தாய்மாரின் மாதிரிகள் அவர்கள் உயிரோடிருக்கும்போதே, அவர்கள் நம்பும் கைகளில் சேர வேண்டும்.

வீட்டு வேலையும் ஒன்றுண்டு. 2008இல் போரில் பூநகரியை விட்டு ஓடியபோது கிளினிக் கொப்பியையோ மரணச் சான்றிதழையோ கையில் எடுத்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் நோய் வரலாறு இப்போது கிழவிகளின் நினைவில்தான் கிடக்கிறது. ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்: ஆருக்கு என்ன வருத்தம், எத்தனை வயதில், தாய்வழியா தகப்பன்வழியா. ஐம்பதுக்கு முன் மார்பிலோ, எந்த வயதிலும் சூலகத்திலோ புற்றுநோய் வந்தவர் இருந்தால், அந்தக் கொப்பியை அடுத்த முறை வைத்தியரிடம் காட்டுங்கள்.