வெப்ப அறையில் யோகாசனம்: புதிதாகச் செல்வோர் அறிய வேண்டியவை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. உடல் என்னும் அந்தச் சுவரைப் பேண யோகாசனம் நல்ல துணை என்பதை மறுப்பவர் இல்லை. ஆனால் அண்மைக் காலமாக, கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகள் விடுமுறைக்குக் கியா பார்ம் வரும்போது ‘ஹாட் யோகா’ என்ற புதுப்பெயர் ஒன்றைச் சொல்கிறார்கள். சூடேற்றிய அறையில், வியர்வை சொட்டச் சொட்ட ஆசனம் செய்யும் முறை இது. “நீங்களும் வாருங்கள், முட்டிவலி பறந்துவிடும்” என்று பெற்றோரையும் அழைக்கிறார்கள். போகலாமா, கூடாதா என்று அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டனர்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, பார்க்காத ஒன்றைப் பற்றி விடை சொல்லும் வழக்கமில்லை. ஆகவே முதலில் மருத்துவரிடம் உடலைக் காட்டி ஒப்புதல் பெற்றேன். பிறகு, கோலாலம்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு மாதத்தில் நான்கு வகுப்புகளுக்குச் சென்று வந்தேன். அங்குக் கண்டதையும், படித்து அறிந்ததையும் இங்கே தருகிறேன்.

வகுப்பு நடக்கும் விதம்

அறையின் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரப்பதம் 40 விழுக்காடு. வகுப்பு 90 நிமிடம். தொடக்கத்தில் நின்றபடி ஒரு மூச்சுப் பயிற்சி, முடிவில் கபாலபாதி; இடையில் 26 ஆசனங்கள். முதற்பாதியில் அர்த்த சந்திராசனம், உத்கடாசனம், கருடாசனம், திரிகோணாசனம் என எல்லாம் நின்று செய்பவை. அதன்பின் சவாசனத்தில் சற்று ஓய்வு. பிற்பாதியில் புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம், உஷ்ட்ராசனம் முதலியவை தரையில். பெரும்பாலான ஆசனங்களை இரண்டு முறை செய்கிறார்கள்.

கதவைத் திறந்ததும் ரொட்டி அடுப்பின் முன் நிற்பது போன்ற உணர்வு. பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. முதல் வகுப்பில் மூன்று முறை பாயில் உட்கார்ந்தேன். ஒரு முறை வெளியே சென்று காற்று வாங்கி வந்தேன். பயிற்றுநர் தடுக்கவில்லை. மாறாக, புதிதாக வருபவர்கள் முதல் நாளில் அறையின் சூட்டைத் தாங்கி அமர்ந்திருந்தாலே போதும் என்றார். நல்ல சொல் அது. வெளியேற அனுமதி மறுக்கும் வகுப்பாக இருந்தால், அங்கே இரண்டாம் முறை செல்ல வேண்டாம்.

வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். முன்பு 62.4 கிலோ, பின்பு 61.2 கிலோ. 90 நிமிடத்தில் 1.2 கிலோ இளைத்துவிட்டேன் என்று மகிழ்வதற்கு இல்லை. தண்ணீரும் மோரும் குடித்து, இரவு உணவு உண்டு, மறுநாள் காலையில் பார்த்தபோது பழைய எடை திரும்பியிருந்தது. போனது கொழுப்பன்று, வியர்வை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், ஒரு வகுப்பில் ஆண்கள் சராசரியாக 460 கலோரியும், பெண்கள் 330 கலோரியும் செலவிட்டதாகக் கண்டார்கள். அதே நேரம் வேகமாக நடந்தாலும் ஏறக்குறைய இவ்வளவுதான் செலவாகும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், உடற்சூடு தானே வெளியேறும். காற்று 40 டிகிரியாக இருந்தால் சூடு வெளியிலிருந்து உடலுக்குள் வருகிறது. அப்போது உடலைக் குளிர்விக்க எஞ்சியிருக்கும் ஒரே வழி, வியர்வை ஆவியாவதுதான். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. தோலின்மேல் உலரும் வியர்வையே குளிர்ச்சி தரும். காற்றில் ஈரம் மிகுந்தால் அதுவும் மெதுவாகவே உலரும்.

இந்த நேரத்தில் இரத்தம் தோலை நோக்கி அதிகம் பாய்கிறது. இரத்த அழுத்தம் தாழ்கிறது. குனிந்து சட்டென்று நிமிரும்போது தலைசுற்றல் வருவது இதனால்தான். வியர்வையோடு உடலின் நச்செல்லாம் வெளியேறிவிடும் என்று சிலர் சொல்வது சரியன்று. வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே. கழிவை நீக்கும் வேலையைச் செய்பவை கல்லீரலும் சிறுநீரகமும். உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குத்தான் சுமை கூடும்.

சூட்டில் தசை இளகும் என்பது உண்மை. வீட்டில் முழங்காலைத் தாண்டாத என் விரல்கள், அங்கே கணுக்காலைத் தொட்டன. ஆனால் இதிலும் எச்சரிக்கை தேவை. தசையோடு மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் அளவுக்கு மீறி இழுபடலாம். அந்த நேரத்தில் வலி தெரியாது, மறுநாள்தான் தெரியும். முட்டிவலி உள்ளவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இது பழைய முறைதானா?

யோகம் பழையது, வெப்ப அறை புதியது. பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ் 1923-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் பயின்றவராக அறியப்படும் பிக்ரம் சவுத்ரி, 1970-களில் அமெரிக்காவில் இந்த 26 ஆசன வரிசையைக் கற்பித்துப் புகழ்பெற்றார். இந்த வரிசை தமக்கே உரியது என்று அவர் தரப்பு உரிமை கொண்டாடியது. ஆசனங்களின் வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 முதல் மாணவிகள் பலர் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகளுடன் வழக்குத் தொடுத்தனர். அவரிடம் சட்ட ஆலோசகராகப் பணியாற்றிய பெண்மணிக்குப் பல மில்லியன் டாலர் இழப்பீடு வழங்குமாறு 2016-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தீர்ப்பாயிற்று. பயிற்சியைப் போற்றலாம், பயிற்றுநரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக வைக்கலாகாது என்பதே இதில் நாம் பெறும் பாடம். பிள்ளைகளை எந்த வகுப்புக்கு அனுப்பினாலும் இது பொருந்தும்.

நம் பழைய நூல்கள் சூட்டைப் பற்றி என்ன சொல்கின்றன? கேரண்ட சம்ஹிதை என்னும் யோக நூல், கடுங்குளிரிலும் கோடையிலும் மழையிலும் யோகத்தைத் தொடங்க வேண்டாம், இளவேனிலிலும் மழைக்குப் பிந்திய சரத் காலத்திலும் தொடங்குக என்கிறது. ஹடயோகப் பிரதீபிகை, தொடக்க நிலையில் உள்ளவர் நெருப்பருகே இருப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆக, அவர்கள் நாடியது மிதமான தட்பவெப்பத்தையே.

இக்கால ஆய்வும் இதற்கு அருகில்தான் வருகிறது. டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 40 முதல் 60 வயது வரையுள்ள, உடலுழைப்புக் குறைந்தவர்களுக்கு 12 வாரம் இதே 26 ஆசனங்களைக் கற்பித்தார்கள். ஒரு குழு 40.5 டிகிரியில், மற்றொரு குழு 23 டிகிரியில். இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை இரு குழுவினருக்கும் மேம்பட்டது. அந்த நன்மையைத் தந்தது ஆசனமே; சூடு இல்லாமலும் அது கிடைத்தது. 23 டிகிரி என்பது ஏறத்தாழ நம் கேமரன் மலையின் நண்பகல் வெப்பம் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

மலையில் வாழும் நாம் செய்ய வேண்டியது

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கம்பளிச் சட்டையோடு வாழ்பவர்கள் நாம். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். மலையிலிருந்து இறங்கிய அன்றே 40 டிகிரி அறைக்குள் போவது, சமவெளியில் இருப்பவர் போவதைவிடக் கடினமானது.

இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும், முன்பு வெப்பத்தால் மயங்கியவர்களும் வெப்ப அறையைத் தவிர்ப்பதே நலம். இரத்த அழுத்தத்துக்கோ இனிப்பு நீருக்கோ மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செல்லக் கூடாது. நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் உடலின் நீரை மேலும் குறைக்கும். இன்சுலின் ஊசி போட்டவர்களுக்குச் சூட்டில் மருந்து விரைவாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை தாழக்கூடும்.

உடல்நலமுள்ளவர்கள் செல்வதானால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே எளிய உணவை முடித்துக்கொள்ளுங்கள். முன்னதாகவே தண்ணீர் குடியுங்கள். இடையிடையே சிறிது சிறிதாகவும் குடியுங்கள். கதவருகே பாயை விரியுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் தோன்றினால் உடனே வெளியே வாருங்கள். யாராவது தடுமாறிப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுவந்து, உடலை நீரால் நனைத்து விசிறி, 999 எண்ணை அழையுங்கள்.

மற்றோர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். “இதை வீட்டிலேயே செய்யலாமே” என்று எண்ணி, கதவு சன்னலை அடைத்து, கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ அறைக்குள் மூட்டிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கம் வருவது போலிருக்கும், உயிரே போய்விடும். குளிர் நாட்டில் வாழும் நமக்கு இந்த ஆபத்து மிக அருகில் உள்ளது.

அடுப்பு வேண்டாம்; உடலே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். பத்து நிமிடம் மேட்டுப் பாதையில் நடந்து வாருங்கள். கம்பளிச் சட்டையோடு கை, தோள், இடுப்பு, முட்டி என மூட்டுகளை மெதுவாகச் சுழற்றுங்கள். இயன்றவர்கள் நிதானமாகச் சில சுற்று சூரிய நமஸ்காரம் செய்யலாம். உடல் இளகி, நெற்றியில் வியர்வை அரும்பியதும் கம்பளியைக் கழற்றிவிட்டு ஆசனங்களைத் தொடங்குங்கள். முடிந்ததும் மீண்டும் போர்த்திக்கொண்டு சவாசனத்தில் படுத்திருங்கள். குளிர்ந்த தசையை இழுத்து வலி தேடிக்கொள்ளாமலிருக்க இதுவே போதும்.

நான்கு வகுப்புக்குப் பின் வீடு திரும்பிய நான், அங்குக் கற்ற ஆசனங்களில் பத்தை மட்டும் இந்த முறையில் நாள்தோறும் செய்து வருகிறேன். விரல்கள் இன்னும் கணுக்காலை எட்டவில்லை; ஆனால் முழங்காலைத் தாண்டி நான்கு விரற்கடை இறங்கியிருக்கின்றன. இளைஞர்கள் விரும்பினால் நகரத்தில் வெப்ப அறைக்குச் சென்று வரட்டும். தோட்டத்தில் பல்லாண்டு கொழுந்து எடுத்து முட்டி தேய்ந்த நம் தாய்மார்களுக்கு, மருத்துவரைக் கேட்டு வீட்டுக் கூடத்தில் செய்யும் எளிய ஆசனமே ஏற்றது. அதற்குக் கட்டணமும் இல்லை, பயணமும் இல்லை.