பட்பட் படகுக்கு மறுவாழ்வு

கோயில் திருவிழாவில் தகரப் படகு வாங்கி, அண்டாத் தண்ணீரில் ஓட விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! பிளாஸ்டிக் வந்து அதை ஓரங்கட்டி விட்டது. பரணில் கிடந்தது, காயலான் கடையில் அகப்பட்டது என்று நான் ஏழு சேர்த்து வைத்திருக்கிறேன். "இந்த வயசில் பொம்மையா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டுமே!

1891-ல் தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற குட்டி நீராவி எந்திரம்தான் இது. திரிவிளக்கின் சூட்டில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, பின்பக்கக் குழாய் வழியே நீரைப் பீச்சித் தள்ளும். படகு முன்னே போகும். ஆவி குளிர்ந்ததும் நீர் திரும்ப உள்ளே ஏறும். மேல்தகடு உப்பி அமுங்குவதால்தான் அந்தப் 'பட்பட்' சத்தம்.

ஓடாத படகில் பெரும்பாலும் குழாய் அடைத்திருக்கும். இங்க் ஃபில்லரால் வினிகர் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுவேன். பிறகு தண்ணீரில் அமுக்கி, ஃபில்லரால் காற்றை ஊதினால், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பாத்திரத்துக்குப் பற்று வைப்பவரிடம் கொடுத்தால் அடைத்துத் தருவார். தண்ணீர் இல்லாமல் மட்டும் விளக்கேற்றாதீங்க, பற்று உருகிவிடும்.

பழசாயிற்றே என்று உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன்.

தங்கை மகனுக்கு இரண்டு வயசு. எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். அவன் வந்தால் படகுகளெல்லாம் பீரோவுக்குள். ஒன்றை மட்டும் நானே ஓட்டிக் காட்டுவேன். அவன் அம்மா இடுப்பில் உட்கார்ந்து கை தட்டுவான்.