பூர்வீகப் பனங்காணிக்குத் திரும்பும்போது

தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம் பக்கங்களில் நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் இன்று பற்றை மண்டியிருக்கும். ஆனால் பனை ஆளில்லாமலும் வளரும். நீங்கள் இடம்பெயர்ந்தபோது இடுப்பளவில் நின்ற வடலி இப்போது காய்க்கும் மரமாயிருக்கலாம். ஆகவே துப்புரவு செய்யத் தொடங்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது கண்ணிவெடி. காணி விடுவிக்கப்பட்டதா எனக் கிராம அலுவலரிடம் கேட்காமல் உள்ளே போகவேண்டாம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைத் தாண்ட வேண்டாம். பாழ்கிணற்றில் இறங்க வேண்டாம். பனம்பழம் பொறுக்கப் பிள்ளைகள்தான் முதலில் ஓடுவார்கள். அவர்களுக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

உறுதி தொலைந்திருந்தால் காணி போய்விட்டது என்று எண்ண வேண்டாம். உறுதி எழுதிய நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அவருடைய பெயர், உறுதி இலக்கம், எழுதிய ஆண்டு ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டு அங்கே தேடலாம். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்; பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டிருக்கிறார் என்பதே அங்கு முக்கியம். தாய் தகப்பன் விட்டுப்போன உறுதிக் காணியில், புத்தளத்திலோ தமிழ்நாட்டு முகாமிலோ இருக்கும் சகோதரருக்கும் பங்கிருக்கலாம். அவர்களோடு பேசியபின் வேலி அடைப்பது நல்லது. பிறகு பேசுவது கடினம்.

பழைய வேலி உக்கிப்போயிருக்கும். வேலியோரம் வரிசையாக நின்ற பனைகள் நிற்கும். எல்லைத் தகராறு வந்தால் அவையும் உங்களுக்குச் சாட்சி. வீட்டு வளைக்குத் தேவை என்றாலும் அவற்றில் கைவைக்க வேண்டாம். எந்தப் பனையையும் தறிக்குமுன் பிரதேச செயலகத்தில் அனுமதி கேளுங்கள். புதிய கன்று பலன்தர 15 ஆண்டுக்கு மேல் செல்லும்.

முதல் வருமானத்துக்குக் கிழங்குப் பாத்தியே எளிது. ஆவணி, புரட்டாதியில் விழும் பழங்களின் விதைகளை மணல் கூட்டிய பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடுங்கள். மாரி மழையே போதும்; தையளவில் கிழங்கு கிண்டலாம். விற்று மிஞ்சியதைக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஓலை வெட்டும்போது குருத்தையும் அதைச் சுற்றிய இளம் ஓலைகளையும் விடுங்கள்.

தென்னை வைக்க விரும்புவோர் மாரி தொடக்கத்தில் நடுங்கள். தீவின் மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. பெரிய பம்பி போட்டு இறைத்தால் உப்பு மேலேறும். உங்கள் கிணறு மட்டுமல்ல, அயல் கிணறும் கெடும். கோடையில் கன்றுகளுக்கு வாளியால் ஊற்றி, அடியில் பொச்சுமட்டை பரப்பிவிடுங்கள்.