வீட்டுக்கு எவர்சில்வர் கம்பி தேவையா?

புனே நகரை அடுத்து, முளா, பவனா ஆறுகளின் கரையில் இருக்கிறது சாங்வி. இப்பகுதியில் குடியிருக்கும் நம்மவர் பலர், மிச்சம் பிடித்த பணத்தில் ஊரில் ஒரு வீடு கட்ட எண்ணுகின்றனர். அந்த ஊர் ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோரமாயின், முதலில் கவனிக்க வேண்டியது கம்பியைத்தான்.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதன்மீது மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கிக் காக்கிறது. ஆனால் கடற்காற்றில் உள்ள உப்பு, நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கி அந்தப் படலத்தைக் கெடுத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் அடைக்கும். அந்த நெருக்கலில் காங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது.

இதற்கு மாற்று, நம் வீட்டுப் பாத்திரத்தின் இனமான எவர்சில்வர் கம்பி. அதில் நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் உண்டு. குரோமியம் தரும் படலம் உப்பை நன்கு தாங்கும். கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும்.

மெக்சிகோவின் பிரோகிரெசோ துறைமுகத்தில் 1937 முதல் 1941 வரை கட்டிய கடல்மேடைக்கு இக்கம்பியை இட்டனர். அது இன்றும் நிற்கிறது. அதன் அருகே பிற்காலத்தில் சாதாரணக் கம்பியால் கட்டிய மேடையோ சிதைந்து போயிற்று. நம் பாம்பனில் 1914-ஆம் ஆண்டின் இரும்புப் பாலம் உப்புக்காற்றால் பட்ட பாடு நாடறிந்தது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் எவர்சில்வர் கம்பியே பயன்பட்டுள்ளது.

அப்படியானால் வீட்டுக்கும் அதுதானா? வேண்டியதில்லை. அதன் விலை பல மடங்கு. கடலில் கால் ஊன்றும் பாலத்துக்கு அது சிக்கனம். வீட்டுக்கு வீண் செலவு. சாதாரணக் கம்பியையே சரியாகப் போர்த்தினால் போதும்.

கடலோரச் சூழலில் கம்பியைச் சுற்றி 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் இது நடவாது. கடல் மணலோ உப்புத் தண்ணீரோ கலவையில் சேரக் கூடாது. போட்ட காங்கிரீட்டை 7 நாட்களாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். கோடையிலும், கலப்புச் சிமெண்டுக்கும் 10 நாட்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் லீவு போடுகிறோம். தளம் போடும் நாளுக்கும் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்விடுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரிவது அன்று ஒருநாள்தான்.