பெட்டி வந்தாச்சா?

"பெட்டி வந்தாச்சா?"

எங்கள் பிறந்த வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். ஊருக்குப் போனவரின் துணிப் பெட்டியைப் பற்றிய விசாரிப்பு அல்ல. சினிமாச் சுருள் வைத்த தகரப் பெட்டி! வெள்ளிக்கிழமை காலையில் புதுப்படப் பெட்டி வந்து இறங்கினால்தான் அப்பாவுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்.

என் அப்பா சேலம் டவுனில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். எந்தத் தியேட்டர் என்று சொல்லப் போவதில்லை. அந்தக் கட்டிடமே இப்போது இல்லை. பெயரைச் சொல்லி யார் மனத்தையும் நோகடிப்பானேன்?

தாத்தா காட்டிய வளைவு

சினிமா எங்களுக்குத் தாத்தா வழியாகவே வந்த சொத்து. (சொத்து என்றதும் பங்களா, கார் என்று நினைத்துவிடாதீர்கள். உளியும் இழைப்புளியும்தான்!) தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸில் செட்டு போடும் தச்சர். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் 1935ல் சேலத்தில் ஆரம்பித்த ஸ்டூடியோ அது. 1937ல் "சதி அகல்யா"வில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" (1938) கூட நம் சேலத்து ஸ்டூடியோ எடுத்ததுதான் என்றால் என் மகள் நம்ப மறுக்கிறாள்.

1956ல் வந்த "அலிபாபாவும் 40 திருடர்களும்" தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். "கலர்ல எடுக்கறாங்கன்னதும் பலகைக்கு என்ன சாயம் அடிக்கறதுன்னே எங்களுக்குத் தெரியல, கண்ணு" என்று தாத்தா சிரிப்பார். 1963ல் சுந்தரம் காலமான பிறகும் படங்கள் வந்தன; 1982க்குப் பின் நின்றுபோயின. இன்று அந்த இடத்தில் வீடுகள். ஏற்காடு ரோட்டில் போனால் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தாத்தா பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார். நாங்களும் பார்ப்போம்.

ஒரு தியேட்டர், நூறு அடுப்பு

ஓரியண்டல், விக்டோரியா, நியூ சினிமா, சாந்தி, சங்கம், அப்சரா... சேலத்துக்காரர்கள் இந்தப் பெயர்களைச் சொந்தக்காரர் பெயர்களைப் போலச் சொல்வார்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு கிராமத்து ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வரும். அம்மனைக் கும்பிட்ட கையோடு படம் பார்க்காமல் திரும்பினால் அது பண்டிகையே அல்ல!

பெண்களுக்குத் தனி டிக்கெட் வரிசை, தனி இடம். மேட்னி ஆட்டத்தில் பாதிப்பேர் கைக்குழந்தைக்காரர்கள். குழந்தை வீறிட்டால் பக்கத்து வரிசை அம்மாள் வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். முன்பின் தெரியாதவள்தான். ஆனாலும், "நீ பாரும்மா, அழற சீன் வருது" என்பாள்!

அப்பாவின் அறை மேலே, பின்புறம். நிமிஷத்துக்கு 90 அடி பிலிம் ஓடும் என்பார். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அதாவது நாலு கிலோமீட்டருக்கு மேல்! இரண்டு புரொஜக்டர்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதுதான் அடுத்த மிஷினுக்கு மாற்று என்ற சாடை. கண் அசந்தால் திரை வெள்ளையாகிவிடும், கீழே விசில் பறக்கும். வெளிச்சத்துக்கு இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே வைத்து எரிப்பார்கள். அந்தச் சூட்டிலும் புகையிலும் 28 வருஷம் நின்றதால்தானோ என்னவோ, அப்பாவுக்கு இருமல் இன்றும் போகவில்லை.

அம்மா வீட்டில் தட்டுவடை சுட்டு இடைவேளைக்குப் போடுவாள். தினம் இரண்டு தூக்கு. எங்களை மாதிரியே சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், சோடாக் கடைக்காரர், வாசலில் மல்லிகை கட்டி விற்ற அக்கா, ராத்திரியில் பசை வாளியோடு போஸ்டர் ஒட்டப் போகும் பையன்கள், ஒரே படத்தை இரண்டு தியேட்டரில் ஓட்டும்போது ரீலைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் பறக்கிறவர் என்று எத்தனை பேர்! ஒரு திரை எரிந்தால் நூறு வீட்டு அடுப்பு எரிந்தது.

விளக்கு அணைந்த வருஷம்

எங்கள் தெருவுக்கு முதல் டி.வி. வந்தது 1987ல். ஞாயிற்றுக்கிழமை ராமாயணம் பார்க்க, ஆபரேட்டர் வீட்டுப் பிள்ளைகளான நாங்களும் அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வாடகை வீடியோ டெக் வந்தது. 1993ல் சன் டி.வி. வந்ததும் கேபிள் காரர் வாசலில் வயரோடு நின்றார். மத்தியானம் வேலை முடித்து உட்கார்ந்தால் வீட்டிலேயே படம்! மேட்னிக்கு வந்த பெண்கள் கூட்டம் முதலில் குறைந்தது. பெண்கள் வராத தியேட்டருக்குக் குடும்பங்கள் வருவது நின்றது. நாற்காலி கிழிந்தால் தைக்கவில்லை; மின்விசிறி நின்றால் மாற்றவில்லை. அப்புறம் போடுகிற படங்களும் மாறிப் போயின. "நீ அந்தப் பக்கம் வராதே" என்று அப்பாவே எனக்குத் தடை போட்டார்.

1996 மே மாதம். என் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது, 870 மார்க். அந்த வாரமே தியேட்டரை மூடினார்கள். அப்பாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அது கடைசி வரை வரவில்லை. வெறும் ரீல் டின் ஒன்றைக் கையில் கொண்டுவந்தார். அம்மா அதைக் கழுவி அப்பளம் போட்டு வைத்தாள். அவள் தட்டுவடைக்கும் அன்றே வாடிக்கை போயிற்று.

நான் காலேஜ் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தேன். யாரும் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. பணம் கட்டும் கடைசி நாள் சத்தமில்லாமல் கடந்து போனது. இரண்டு வருஷத்தில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டேன்.

சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன். தியேட்டர் மூடப் போவது ஊருக்கே தெரிந்தபோது அப்பாவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை, முன்னாலேயே வேறு வேலை தேடியிருக்கக் கூடாதா என்று பல வருஷம் மனத்துக்குள் குமைந்திருக்கிறேன். அம்மாதான் தளரவில்லை. சேலத்தில் தட்டுவடை செட்டுக்கு என்றும் மவுசு உண்டல்லவா? தட்டுவடைக்கு நடுவே காரட், பீட்ரூட் துருவலும் வெங்காயமும் சட்னியும் வைத்துத் தருகிற தள்ளுவண்டிக்காரர்களுக்கு மொத்தமாகச் சுட்டுக் கொடுத்தாள். தம்பி படித்தது அந்தக் காசில்.

மறுபடியும் வரிசை

டவுனில் தியேட்டர்கள் கல்யாண மண்டபமாயின, கடைகளாயின. மீதி இருந்தவை மெல்ல உடுப்பு மாற்றிக்கொண்டன. பெரிய கூடத்தைத் தடுத்து இரண்டு திரை, ஏ.சி., சாய்கிற நாற்காலி, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. (இது ஒன்று போதும், நாம் மறுபடி போவதற்கு!) புதுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பல திரை அரங்கு வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடியபோது, "இனி அவ்வளவுதான்" என்றார் அப்பா. நவம்பரில் பாதி இருக்கைகளோடு திறந்தார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி மூடி ஆகஸ்டில் திறந்தார்கள்.

2022 செப்டம்பர் 30ல் "பொன்னியின் செல்வன்" வந்தது. என் மாமியார் கல்கி இதழில் வந்த தொடரைக் கிழித்துத் தைத்து வைத்திருப்பவர். "வந்தியத்தேவனைப் பார்க்காம கண்ணை மூட மாட்டேன்" என்றுவிட்டார்! அத்தை, அம்மா, அப்பா, நாங்கள் மூவர் என்று ஆறு பேர் சேலத்தில், புதுப்பித்த பழைய தியேட்டர் ஒன்றுக்குப் போனோம். வாசலில் நரைத்த தலைகளாக நின்றதைப் பார்க்க வேண்டுமே!

இடைவேளையில் என் கணவர் விஷயத்தைச் சொல்ல, ஆபரேட்டர் பையன் அப்பாவை மேலே அழைத்துப் போனான். நானும் பின்னாலேயே போனேன். புகையில்லை, சூடில்லை, ரீல் சுற்றும் சத்தமும் இல்லை.

"பெட்டி எங்க தம்பி?"

பையன் கையகலப் பெட்டி ஒன்றைக் காட்டினான். "இதுதானுங்க ஐயா. படம் பூரா இதுக்குள்ள இருக்குது. ஆனா கம்பெனியில இருந்து சாவி நம்பர் வந்தாத்தான் திறக்கும்."

"பெட்டி வந்தாலும் சாவிக்குக் காத்திருக்கணுமா! அப்ப உனக்கும் காப்பி இறங்காதுன்னு சொல்லு" என்று அப்பா சிரித்தார். இருமல் வராமல் அவர் சிரித்ததே அபூர்வம்.

திரும்பும்போது காரில் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "அந்தத் தியேட்டர் இன்னும் மூணு வருஷம் ஓடியிருந்தா நீ டிகிரி வாங்கியிருப்பே, கண்ணு. ஓடிரும் ஓடிரும்னுதான் இருந்தேன்."

26 வருஷமாக அவரும் அதையே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்! எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டேன். "போட்டேன்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து என் மனத்தில் அந்தக் குமைச்சல் இல்லை.

அழைத்துப் போங்கள்

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒருமுறை அழைத்துப் போங்களேன். மூட்டுவலிக்காரர்களுக்கு ஓரத்து நாற்காலி எடுங்கள். இருட்டுமுன் உட்கார வையுங்கள். இடைவேளையில் நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள், கால் வீங்காது. சர்க்கரை உள்ளவருக்குப் பெரிய பொட்டலம் சோளப்பொரியும் குளிர்பானமும் வேண்டாம். கைக்குழந்தைக்கு இன்றைய ஒலி மிக அதிகம். அதன் காது பாவம், பாட்டியிடம் விட்டுப் போவதே நல்லது.

படம் முடிந்ததும் அவர்கள் பழைய கதை பேசுவார்கள். அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

ஒரே ஒரு குறை. இப்போது தியேட்டருக்குள் வெளித் தின்பண்டம் கூடாதாம். அம்மாவின் தட்டுவடைக்கு உள்ளே இடமில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே, அதே தெருவில், தள்ளுவண்டிகள் திரும்பி வந்துவிட்டன. அன்று ஆளுக்கொரு செட்டு சாப்பிட்டோம். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள் அம்மா.