சிங்கராசியின் மூன்று விண்மீன் மண்டலங்களும் தொலைகாட்டியின் ஆடியும்

இரவு வானில் வெற்றுக் கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளிகளாகத் தோன்றும் விண்மீன்கள் யாவும் எமது பால்வீதியைச் சேர்ந்தவை. பால்வீதிக்கு அப்பால் கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் உள்ளன. அவற்றுட் சில கூட்டங்களாகக் காணப்படுகின்றன. சிங்கராசியில் உள்ள மூன்று மண்டலங்களின் கூட்டம் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

இவற்றுள் எம் 65, எம் 66 ஆகிய இரண்டையும் 1780 இல் சார்ள்ஸ் மெசியே தமது பட்டியலில் சேர்த்தார். மூன்றாவதான என்.ஜி.சி. 3628 ஐ 1784 இல் வில்லியம் ஹேர்ச்செல் கண்டறிந்தார். இவை ஏறத்தாழ 3.5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளன. அதாவது, இன்று எம்மை வந்தடையும் ஒளி ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டதாகும். இலங்கையில் ஏப்ரல் மாத இரவுகளில் இக்கூட்டம் உச்சி வானுக்கு அருகே வரும்.

1. ஒளியைச் சேர்த்தல்

நியூற்றன் வகைத் தொலைகாட்டியில் குழிவாடி ஒளியைக் குவிக்கும். சிறிய தளவாடி அதனைப் பக்கவாட்டில் திருப்பும். சேரும் ஒளியின் அளவு ஆடியின் விட்டத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமாகும். இருளில் கண்மணியின் விட்டம் 7 மி.மீ. எனக் கொண்டால், 200 மி.மீ. ஆடி கண்ணைவிட ஏறத்தாழ 800 மடங்கு ஒளியைச் சேர்க்கும்.

2. படம் எடுத்தல்

இவ்வளவு ஒளியும் போதாது. எனவே கமராவின் மூடியைப் பல செக்கன்கள் திறந்து வைத்தல் வேண்டும். ஆனால் புவி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றும். தொலைகாட்டியும் அதே வேகத்தில் திரும்பாவிடின் விண்மீன்கள் கோடுகளாகப் பதியும். இவ்வாறு எடுத்த 100 படங்களைக் கணினியில் ஒன்று சேர்த்தால், எழுமாறான இரைச்சலுடன் ஒப்பிடுகையில் மண்டலத்தின் ஒளி 10 மடங்கு தெளிவாகும். (100 இன் வர்க்கமூலம் 10 ஆகும்.)

3. ஆடியைப் பேணல்

வீட்டு முகக்கண்ணாடியில் உலோகப் பூச்சு பின்புறம் உள்ளது. தொலைகாட்டி ஆடியிலோ அது முன்புறம் உள்ளது. இவ்வலுமினியப் பூச்சின் தடிப்பு ஏறத்தாழ 0.0001 மி.மீ. மாத்திரமே. ஆகவே துணியால் துடைத்தல் ஆகாது. தூசு ஆடியின் பரப்பில் 1 சதவீதத்தை மூடினால் ஏறத்தாழ அவ்வளவு ஒளியே இழக்கப்படும். துடைப்பதால் விழும் கீறலோ நிரந்தரமானது.

கவனிக்க:
• தூசியைக் கைப்பம்பினால் காற்றடித்து அகற்றுக. வாயால் ஊதினால் எச்சில் படியும்.
• மிகவும் அழுக்கானால் மட்டும் ஆடியைக் கழற்றி நீரால் அலசுக. பின் மென்மையான சவர்க்கார நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாது இழுக்குக. இறுதியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிச் சரிவாக நிறுத்தி உலர விடுக.
• பனி படிந்தால் தானாக உலர்ந்த பின்னரே மூடுக. ஈரத்துடன் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.
• ஆடியை மீண்டும் பொருத்திய பின் இரு ஆடிகளையும் நேர்ப்படுத்துக. இல்லையேல் விம்பம் கூர்மையாக அமையாது.

பயிற்சி

(அ) 200 மி.மீ. ஆடி, 100 மி.மீ. ஆடியைப் போல் எத்தனை மடங்கு ஒளியைச் சேர்க்கும்?
(ஆ) தொலைகாட்டி ஆடியில் பூச்சு முன்புறம் இருப்பதன் நன்மை யாது?

விடை

(அ) 4 மடங்கு.
(ஆ) ஒளி கண்ணாடியினூடாகச் செல்லாது நேரே தெறிப்பதால் இரட்டை விம்பம் தோன்றாது.