வார வேலையில் எது முந்தியது?

நெசவாளர் இல்லத்தில் ஒரே வாரத்தில் பல வேலைகள் கூடிவிடுகின்றன. தறியில் சங்கத்துச் சேலை ஓடுகிறது. அடுத்த பாவுக்குக் கஞ்சி தோய்க்கவேண்டும். சாயமிட்ட நூல் உலரவேண்டும். சிலருக்குக் கடலைக் காட்டில் களையெடுப்பும் உண்டு. இவற்றுள் எதை முதலில் செய்வது?

கெடு நெருங்கிய சேலையே முதல் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நெசவு ஒருவர் கையில் அடங்கியது. கூரையின்கீழ், விளக்கொளியிலும் நடக்கும். பாவு தோய்தலோ தெருவில், விடியற்காலையில், நாலைந்து பேர் கூடிச் செய்வது. மழை வந்தால் நின்றுவிடும். அது தவறினால், ஓடும் பாவு தீர்ந்ததும் தறி ஓய்ந்துவிடும். நெய்த அளவுக்கே கூலியாதலால், வீட்டு வரவும் ஓயும்.

ஆகவே, வானத்தையும் பிறர் கையையும் நம்பிய வேலைகளுக்கு முதலில் நாள் குறித்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். பாவு தோய்தலும், நூல் உலர்த்தலும், களையெடுப்பும் இவ்வகையின. தார் சுற்றுதல், பாவு பிணைத்தல் போன்று தறிக்கு வழி திறப்பவை அடுத்து வரட்டும். எஞ்சிய பொழுதெல்லாம் நெசவுக்கே உரியது. ஒப்படைக்கும் நாளை எண்ணி, நாளொன்றுக்கு இத்தனை முழம் என்று வகுத்துக்கொண்டால் கெடுவும் தவறாது.

பாவு தோய்க்கும் நாளை அண்டை வீட்டாருடன் கலந்து முடிவு செய்தல் நன்று. இன்று அவர்கள் பாவுக்கு நாம் கைகொடுத்தால், நாளை நம் பாவுக்கு அவர்கள் வருவர். கூட்டுறவு என்பதும் இதுவேயன்றோ?